ஓசை அடங்கிய கணினி

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் நெடுஞ்சாலையில், தெலுக் பங்லிமா காராங்கைக் கடந்ததும் வருவது ஜெஞ்சாரோம். அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்று. சுற்றிலும் செம்பனை, மேற்கே கேரித் தீவு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் அங்கிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று இவ்வட்டாரத்துத் தாமான்களில், வரிசை வீடுகளில் வாழ்கின்றனர். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். ஒருவர் துறைமுகத்தில் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவார். இன்னொருவர் தொழிற்சாலையில் பகல் வேலை பார்த்து இரவில் உறங்குவார். சாலையில் லாரிகள் ஓய்வதேயில்லை. இத்தகைய வீட்டில் அமைதி என்பது அரிசி பருப்பைப்போல் அளந்து செலவிட வேண்டிய ஒரு பொருள்.

அத்தகைய வீடொன்றில், எண்பது வயதைத் தாண்டிய பாட்டியின் பாடல்களைப் பதிவு செய்ய ஒரு பேரன் விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். பால்மரக் காட்டில் பாடியவை, பிள்ளையைத் தூளியிலிட்டுப் பாடியவை, சாவு வீட்டில் பாடியவை. இவை போன்ற பாடல்களில் ஒரு பகுதியை அறிஞர்கள் தொகுத்து நூலாக்கியுள்ளனர். ஆயினும் நூலில் ஏறுவது சொல்தானே? அடியின் இறுதியில் குரல் எங்கே தேய்கிறது, எங்கே பெருமூச்சாக மாறுகிறது என்பதை அச்செழுத்து எவ்வாறு காட்டும்? அதற்கு ஒலிவாங்கி வேண்டும். பதிந்ததைத் திருத்தவும், படத்துடன் சேர்க்கவும் வலிமையான ஒரு கணினி வேண்டும். வலிமையான கணினியோ பெரும்பாலும் இரைச்சல் மிக்கது. இரண்டும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும்.

இரைச்சலைப் பிறகு மென்பொருளால் நீக்கிவிடலாமே என்பர் சிலர். ஓரளவு முடியும். ஆனால் விசிறியின் இரைச்சல் ஒரே சுருதியில் நிற்பதன்று. பல அலைவரிசைகளில் பரவிக் கிடப்பது. அதை உரிக்கும்போது சகரத்தின் மெல்லிய உரசலும் மூச்சின் ஈரமும் சேர்ந்தே உரிந்து போகும். எஞ்சுவது தகரக் குழாய்க்குள்ளிருந்து வரும் குரல். எண்பது வயதுக் குரலை அடுத்த ஆண்டு மறுபடியும் பதியலாம் என்று எவர் உறுதி கூற முடியும்?

குளிர்நாட்டில் வாழ்வோருக்கு இல்லாத இடர்ப்பாடு ஒன்று இங்கே உண்டு. பதிவின்போது கூரை விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்சாதனத்தையும் நிறுத்த வேண்டும். லாரிச் சத்தத்துக்காகச் சன்னலை அடைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் அறை 33 பாகை வெப்பத்தை எட்டிவிடும். கணினியின் விசிறிகள் வேகமெடுப்பதும் அப்போதுதான். பாட்டி பாட்டை நிறுத்திவிட்டு, “ஏன்டா தம்பி, உன் பெட்டிக்கு இழுப்பு நோயா?” என்று கேட்டால் அதில் வியப்பில்லை.

கணக்கும் அதையே சொல்கிறது. ஒரு செயலி 95 பாகை வரை தாங்கும் எனில், 21 பாகை அறையில் அதற்கு 74 பாகை இடைவெளி கிடைக்கிறது. 33 பாகை அறையில் கிடைப்பது 62 மட்டுமே. வெப்பத்தை வெளியேற்ற உதவும் இடைவெளியில் ஆறில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே பறிபோய்விடுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் மதிப்புரைகள் ஒரு பொருளை ‘ஓசையற்றது’ என்று புகழும்போது, சிலாங்கூரில் அதை வாங்குவோர் இந்தக் கழிவைப் போட்டுப் படிப்பது நன்று.

ஆகவே பாகங்களைத் தேரும்போது முதலில் நோக்க வேண்டியது வாட் கணக்கு. உண்ணும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகிறது. வெப்பத்தை விரட்ட விசிறி சுழல்கிறது. விசிறி சுழன்றால் ஓசை எழுகிறது. 1981இல் வந்த ஐபிஎம் கணினியில் இயந்திரம் முழுமைக்கும் 63.5 வாட் மின்வழங்கியே போதுமானதாக இருந்தது. செயலிக்கென்று தனி விசிறி கிடையாது. 2004இல் பென்டியம் 4 வரிசையின் சில செயலிகள் தாமே 115 வாட்டை எட்டின. அக்காலத்துக் கணினிகளின் இரைச்சலை நினைவில் வைத்திருப்போர் இன்றும் பலர். 2006இல் கோர் 2 டுவோ 65 வாட் அளவில் அதனினும் சிறந்த வேலையைச் செய்து காட்டியது. பின்னர் போட்டி மறுபடியும் ஏறிற்று. இன்டெல் கோர் ஐ9 13900கே 253 வாட் வரை உண்ணும்படி வகுக்கப்பட்டது. உச்சத்திலுள்ள சிறு விழுக்காட்டு வேகத்துக்காக இருமடங்கு மின்சாரத்தை எரிக்கும் இவ்வழக்கம், விளம்பர அட்டவணையில் முதலிடம் பிடிக்க விழைவோருக்குப் பயன்படலாம். பாட்டுப் பதிவோருக்குப் பயன்படாது.

விசிறியையே ஒழித்துவிடலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. 1980இல் வந்த ஆப்பிள் 3 விசிறியின்றி வடிவமைக்கப்பட்டது. சூடேறிப் பழுதாகிப் பெயர் கெட்டது. குளிர்நாட்டில் பட்ட பாடே அது எனில், நம் வட்டாரத்தில் விசிறியற்ற கணினி என்பது சிறு வேலைகளுக்கு மட்டுமே ஏற்றது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கினால் இடர்ப்பாட்டின் பாதி தீர்ந்துவிடும். அமைதியும் வலிமையும் ஒரே நேரத்தில் தேவைப்படுவதில்லை. பாட்டைப் பதியும்போது கணினிக்கு வேலை மிகக் குறைவு. ஒரு குரலை வட்டில் எழுதுவது அதற்குப் பொருட்டே அன்று. படத்தையும் ஒலியையும் கோத்து இறுதி வடிவம் எடுக்கும்போதுதான் அது முழு மூச்சுடன் உழைக்கிறது. அப்போது பாட்டி உறங்கப் போயிருப்பார். ஒலிவாங்கி பெட்டிக்குள் இருக்கும். எனவே சும்மா இருக்கும்போது ஏறத்தாழ ஊமையாகவும், உழைக்கும்போது பக்கத்து அறையில் உறங்குவோரை எழுப்பாத அளவிலும் இருந்தால் போதும். முழுச்சுமையிலும் மௌனம் காக்கும் கணினிக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

இந்த நோக்கில் 65 வாட் வகைச் செயலி ஒன்றே தகும். சான்றாக, ஏஎம்டி ரைசன் 5 7600 அவ்வகையினது. உழைக்கும்போது 88 வாட் வரை செல்லும். திரைக்குப் படம் அனுப்பும் பகுதியும் அதனுள்ளேயே உண்டு. ஆதலின் பாட்டு வேலைக்குத் தனி கிராபிக்ஸ் அட்டை வேண்டா. ஓர் அட்டை குறைந்தால் இரண்டு மூன்று விசிறிகள் குறைகின்றன. படவேலை மிகுந்து அட்டை தேவைப்படுமாயின், 115 வாட் அளவிலான ஆர்டிஎக்ஸ் 4060 போன்றவற்றில், சும்மா இருக்கும்போது விசிறியே நின்றுவிடும் வகையைத் தேடலாம். ஆர்டிஎக்ஸ் 5090 என்பது 575 வாட். அறைக்குள் ஒரு சிறு ரைஸ் குக்கரை ஓயாமல் கொதிக்க விடுவதற்கு ஒப்பானது.

செயலியைக் குளிர்விக்கும் கருவியில் கஞ்சத்தனம் கூடாது. விசிறியின் ஓசை வேகத்தோடு நேராக ஏறுவதில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 15 டெசிபெல் குறைகிறது. மனிதச் செவிக்கு 10 டெசிபெல் குறைவே பாதி ஓசையாகத் தோன்றும் என்பர். ஆகவே 80 மில்லிமீட்டர் விசிறி பறந்து பறந்து செய்யும் வேலையை, 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி யானை நடையில் செய்து முடிக்கும். செம்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் கொண்ட கோபுர வடிவக் குளிர்விப்பானும், அதில் மெல்லச் சுழலும் ஒரு பெரிய விசிறியுமே சாலச் சிறந்தவை. 2005இல் தோன்றிய ஆஸ்திரிய நிறுவனமான நோக்டுவா இவ்வகையில் பெயர் பெற்றது. அதன் விசிறிகளின் பழுப்பு நிறம் அழகு விரும்பும் இளைஞர்களுக்குப் பிடிப்பதில்லை. செவிக்கு நிறம் தெரியாது என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? நீரால் குளிர்விக்கும் கருவிகள் பார்வைக்குக் கவர்ச்சியானவை. ஆயினும் அவற்றின் பம்பு ஓயாமல் முனகும்; சும்மா இருக்கும்போதும் முனகும். பதிவறைக்கு அது ஆகாது.

கூடு, அதாவது கேசிங், வாங்கும்போது ஒரு மயக்கம் ஏற்படும். ஓசையை உறிஞ்சும் பஞ்சுப் படலம் ஒட்டி, முன்புறத்தை மூடிய கூடுகள் ‘அமைதியானவை’ என்று விற்கப்படுகின்றன. குளிர்நாட்டில் அவை பொருந்தலாம். இங்கே மூடிய கூட்டுக்குள் வெப்பம் தேங்கி, விசிறிகள் வேகமெடுத்து, படலம் விழுங்கிய ஓசையைவிட மிகுதியாக எழுப்பிவிடும். முன்புறம் வலைக்கண் உடைய கூடே மேல். வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவத்தக்க தூசு வடிகட்டி இருத்தல் வேண்டும். செம்மண் தூசும், புகைமூட்ட மாதங்களின் கரியும் தகடுகளுக்கிடையே அடைந்தால் ஆறு மாதத்தில் ஊமைக் கணினியும் பேசத் தொடங்கும். பின்புறத்துப் பயன்படாத துளைகளை அடைப்பதும் நன்று; எறும்பும் பல்லியும் சூடான இடத்தை விரும்பிக் குடிபுகும் என்பது இந்நாட்டில் கணினி பழுதுபார்ப்போர் யாவரும் அறிந்ததே.

பவர் சப்ளை என்று கடைகளில் வழங்கும் மின்வழங்கியைப் பலர் கடைசியில், கையில் மிஞ்சிய காசுக்கு வாங்குகின்றனர். அது தவறு. மலிவான மின்வழங்கி சாகும்போது தனியே சாவதில்லை. தாய்ப்பலகையையும் உடன் அழைத்துச் செல்லும். இடியும் மின்னலும் மிகுந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் இது வெறும் அச்சமன்று. 2004இல் தொடங்கிய 80 பிளஸ் சான்றிதழில் கோல்டு தரம் பெற்றவை பாதிச் சுமையில் ஏறத்தாழ 90 விழுக்காடு மின்சாரத்தைப் பயனாக்குகின்றன. 200 வாட் உண்ணும் கணினிக்கு 550 வாட் தரமான மின்வழங்கி வாங்கினால், அது நோகாமல் உழைக்கும். சில வகைகளில் குறைந்த சுமையில் விசிறி சுழலவே சுழலாது.

சேமிப்புக்குச் சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி போதும். பழைய வன்தட்டின் முணுமுணுப்பு, ஒலிவாங்கியின் காலைத் தொட்டு மேசைவழி ஏறிவிடும். பதிவுகளின் மறுபடியை வைக்க மட்டும் ஒரு வெளிப்புற வன்தட்டு இருக்கலாம். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். இத்தகைய வன்தட்டுகளைச் செய்துவந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலை ஒன்று பெட்டாலிங் ஜெயாவிலேயே இருந்தது. 2018இல் அதை மூடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அதற்கும் நெடுநாள் முன்பு, 1972இல், இன்டெல் தன் முதல் அயல்நாட்டு ஆலையைப் பினாங்கில் அமைத்தது. நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்திய பெண்களுள் தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தனர். பாட்டியின் பாட்டைப் பதியும் கணினி, பாட்டியின் மகள் வயதுடையோர் வளர்த்த தொழிலின் வழிவந்தது.

வாங்குமிடம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவுக்கு ஒரு முறை போய்வந்தாலே விலையும் வகையும் விளங்கிவிடும். கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்குகளும் உள்ள கூட்டை முன்னே நிறுத்துவார்கள். விளக்குக்கு ஆகும் காசை விசிறிக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

நல்ல கூடும் மின்வழங்கியும் குளிர்விப்பானும் இரண்டு மூன்று செயலிகளின் வாழ்நாளைத் தாண்டி உழைக்கும். ஜெஞ்சாரோமில் வாழ்வோருக்கு இது பொருளாதாரக் கணக்கு மட்டுமன்று. 2018 ஜனவரியில் சீனா நெகிழிக் கழிவு இறக்குமதிக்குத் தடை விதித்த பின், உலகின் கழிவு இவ்வூரை நாடி வந்தது. உரிமமற்ற ஆலைகளில் இரவுதோறும் எரிந்த நெகிழியின் புகை படுக்கையறைக்குள் புகுந்தது. இருமலும் மூச்சுத்திணறலும் பெருகின. மக்கள் முறையிட்டனர்; கோல லங்காட் வட்டாரத்தில் 30க்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. தூக்கி எறிந்த பொருள் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அவ்வூர் மக்கள் மூச்சினால் விடை கண்டவர்கள். 2005ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னணுக் கழிவு திட்டமிட்டுக் கையாள வேண்டிய கழிவு வகையைச் சேர்ந்தது; பழைய தாய்ப்பலகையைக் குப்பைத் தொட்டியில் போடாமல் அதற்கான சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அதனினும் நன்று, இன்னும் சில ஆண்டு உழைக்கக்கூடியதை வாங்குவது.

எல்லாப் பாகங்களும் பூட்டிய பின்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். தாய்ப்பலகையின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, விசிறியின் வேகத்தை வெப்பத்துக்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும். 60 பாகை வரை ஒரே மெல்லிய வேகம். அதற்கு மேல் படிப்படியாக ஏற்றம். ஏறி ஏறி இறங்கும் ஓசையைத்தான் செவி பொறுக்காது. மாறாத மெல்லோசையை அது சிறிது நேரத்தில் மறந்துவிடும். செயலியின் மின்வரம்பையும் அங்கேயே குறைத்து வைக்கலாம். வேகத்தில் சிறிது இழப்பு, வெப்பத்தில் பெரிய மிச்சம்.

பிறகு பெட்டியை எங்கே வைப்பது? மேசைமேல் வைத்தால் ஒலிவாங்கிக்கு அருகாகிவிடும். மேசைக்கடியில், சுவரை ஒட்டாமல், ரப்பர் மெத்தைமேல் வைப்பது நலம். ஒலிவாங்கியின் கம்பிக்கு ஐந்து மீட்டர் நீளம் இருந்தால், பாட்டியை அந்த அறையில் உட்கார வைக்கவே வேண்டியதில்லை. அவர் வழக்கமாக உட்காரும் சமையலறைப் பக்கத்து நாற்காலியிலேயே இருக்கட்டும். கதவிடுக்கு வழியே கம்பி போகும்.