ஆமணக்கு நிழல்

இண்டர்மீடியட் படித்த நாளில் விடுதியில் என்னோடு தங்கியிருந்த நண்பன், இரவில் உரக்க பைபிள் வாசிப்பான். அதில் எனக்கு நினைவில் நின்றது யோனாவின் கதை ஒன்றுதான். ஆண்டவன் சொல்லைத் தட்டினால் மீன் விழுங்கிவிடும்! பதினேழு வயதில் புரிந்தது அவ்வளவே.

போன வருஷம் அதை மறுபடி எடுத்துப் படிக்கும்படி ஆயிற்று. வழக்காடி எங்கள் நிலத்தை எடுத்துக்கொண்ட பெரியப்பா மகன் படுக்கையில் விழுந்தார். என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். “ஒரு நடை போயிட்டு வாடா” என்றாள் அம்மா. சென்னையில் வேலை இருக்கிறதென்று ரயிலேறிவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை. அம்மாதான் அந்த வெயிலில் தனியாக பஸ் பிடித்துப் போனாள். நான் திரும்பியபோது அண்ணன் பிழைத்துவிட்டார். அழுது, நிலத்தை எங்கள் பேருக்கே எழுதிக் கொடுத்தும் விட்டார். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கோ கோபம்தான் வந்தது.

யோனா பயந்து ஓடினான் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. நினிவே, பகைவரான அசீரியரின் பட்டணம், கி.மு. 722-ல் அவன் நாடான இஸ்ரவேலை வீழ்த்தியவர்கள் அவர்கள்தாம். அங்கே போய் எச்சரிக்கச் சொன்னார் கடவுள். இவன் யோப்பாவில் கூலி கொடுத்துத் தர்ஷீசுக்குக் கப்பலேறினான். காரணத்தை நாலாம் அதிகாரத்தில் அவனே சொல்லுகிறான்: கடவுள் இரக்கமுள்ளவர், அழுதால் மன்னித்துவிடுவார். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை!

அவன் ஓடியதன் பலனை முதலில் அனுபவித்தவர்கள் யார்? ஒரு பாவமும் அறியாத கப்பற்காரர்கள். புயலில் தங்கள் சரக்கைக் கடலில் எறிந்தார்கள்.

மீனைத் தண்டனை என்று நினைத்தேன் அல்லவா? கடலில் மூழ்க இருந்தவனைக் கரை சேர்த்ததே அதுதான். தண்டனை அப்புறம் வருகிறது. 40 நாளில் ஊர் கவிழும் என்று நினிவேயில் அறிவித்தான். ராஜா முதல் ஆடுமாடு வரை இரட்டுடுத்தி உபவாசம் இருந்தன, ஊர் பிழைத்தது. அதற்கு மகிழ மாட்டாமல், வெளியே குடிசை போட்டு உட்கார்ந்து, செத்தால் தேவலை என்றான். கடவுள் ஒரு செடி முளைக்கச் செய்தார். தமிழ் வேதாகமத்தில் அது ஆமணக்கு. அந்த நிழலுக்கு மகிழ்ந்தான். மறுநாள் பூச்சி அரித்துச் செடி பட்டதும் மறுபடி சாகக் கேட்டான். செடிக்கு இரங்குகிற நீ, வலக்கை இடக்கை அறியாத 1,20,000 பேருக்கும் அத்தனை மிருகங்களுக்கும் நான் இரங்கக் கூடாதா என்கிறார் கடவுள். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. யோனா சொன்ன பதில் அதில் இல்லை.

அம்மாவும் அன்றைக்கு ஒன்று கேட்டாள்: “அவன் திருந்தினது உனக்கு ஏண்டா கஷ்டமாயிருக்கு?”

பத்திரம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அண்ணன் வீட்டு வாசற்படியை நான் இன்னும் மிதிக்கவில்லை.