சொல் சென்று சேரும் இடம்

பேசுதல் எளிது, பேசியது சென்று சேர்தலே அரிது. நம் வாயிலிருந்து புறப்பட்ட சொல், கேட்பவர் உள்ளத்தில் நாம் எண்ணிய பொருளை எழுப்பும்போதுதான் தகவல் தொடர்பு நிறைவு பெறுகிறது. இவ்வுண்மையை நூல்களில் கற்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கண்டேன். பொதுமொழி ஒன்றும் இல்லாத இருவர் அங்கே நன்கு உரையாடினர். ஒரே மொழி பேசிய இருவரால் உரையாட இயலவில்லை.

முதல் இருவர், என் தாயாரும் காய்கறி வண்டிக்காரரும். தந்தையாருக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்ததால், கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து எங்கள் குடும்பம் தில்லிக்குக் குடிபெயர்ந்தது. கரோல் பாகில் சிறிய வீடு. அம்மாவுக்கு இந்தி தெரியாது. வண்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. அம்மா வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார். முற்றியிருந்தால் முகம் சுளிப்பார். உடனே வண்டிக்காரர் கூடையின் அடியிலிருந்து பிஞ்சுக் காய்களை எடுத்துக் காட்டுவார். அவர் விரல்களை விரித்து விலை சொல்வார்; அம்மா ஒரு விரலை மடக்குவார். இறுதியில் அவர் சிரித்துக்கொண்டே கொத்தமல்லித் தழையைக் கொசுறாகப் பையில் போடுவார். சொல் இல்லை, ஆயினும் செய்தி குறைவின்றிச் சென்று சேர்ந்தது.

மற்ற இருவர், ஊரில் இருந்த பாட்டியும் தில்லியில் பிறந்த என் தம்பியும். அக்காலத்தில் எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. ஞாயிறுதோறும் தெருமுனையில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குச் செல்வோம். ஊரில் பாட்டி அண்டை வீட்டுத் தொலைபேசியின் அருகே காத்திருப்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பாட்டி பெருமகிழ்ச்சியுடன், “லட்சுமி கன்று போட்டிருக்கிறாள், கிடாரி!” என்றார். தம்பி, “சரி, பாட்டி” என்று சொல்லி, ஒலிவாங்கியை அம்மாவிடம் கொடுத்துவிட்டான். “பிள்ளைக்கு ஒன்றும் காதில் விழவில்லை போலிருக்கிறதே” என்றார் பாட்டி.

உண்மையில் ஒவ்வோர் எழுத்தும் அவன் காதில் விழுந்தது. ஆனால், லட்சுமி என்பது ஒரு பசு என்பதை அவன் அறியான். கிடாரி என்றால் பெண் கன்று என்பதும், அது பிறந்தால் ஒரு வீட்டில் ஏன் மகிழ்ச்சி பெருகுகிறது என்பதும் அவனுக்குத் தெரியாது. அதன்பின் பாட்டியின் பேச்சு மெல்லச் சுருங்கியது. “சாப்பிட்டாயா? படிக்கிறாயா? எப்போது வருவாய்?” என்னும் மூன்று கேள்விகளோடு நின்றது. ஓர் உறவே அம்மூன்று கேள்விகளுக்குள் ஒடுங்கிவிடுமோ என்று அம்மா கவலையுற்றார்.

பின்னாளில் கல்லூரியில் தகவல் தொடர்பியல் பயின்றபோது இதன் காரணம் விளங்கியது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாட் ஷானன், 1948ஆம் ஆண்டில் தகவல் தொடர்புக்கு ஒரு வரைபடம் அமைத்தார். செய்தியைத் தோற்றுவிப்பவர், அதைக் குறிகளாக மாற்றும் கருவி, அவை செல்லும் வழி, குறிகளை மீண்டும் செய்தியாக்கும் கருவி, பெறுபவர் என அதில் ஐந்து நிலைகள் உண்டு. வழியில் புகுந்து செய்தியைக் கெடுப்பதற்கு இரைச்சல் என்று பெயர். பூத்துக்கு வெளியே ஒலித்த பேருந்துகளின் ஓசையும், கம்பியில் எழுந்த கரகரப்பும் இரைச்சலே. ஆனால் அன்று இரைச்சல் இல்லை. கருவிகளும் தம் பணியைச் செவ்வனே செய்தன. எனினும் செய்தி சேரவில்லை. ஏனெனில், சொல்லின் பொருளைப் பற்றிய ஆராய்ச்சி தம் பொறியியல் சிக்கலுக்கு வேண்டாதது என்று ஷானனே அதை ஒதுக்கி வைத்திருந்தார்.

அவ்விடத்தை நிரப்ப முயன்றவர்களுள் ஒருவர் வில்பர் ஷிராம். 1954ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஒவ்வொருவரைச் சுற்றியும் அனுபவப் பரப்பு என்னும் வட்டம் இருக்கிறது. இரு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் பகுதியில்தான் புரிதல் நிகழும். அம்மாவுக்கும் வண்டிக்காரருக்கும் மொழி வேறு. ஆனால் காயும், விலையும், பேரமும் இருவருக்கும் பொது. பாட்டிக்கும் தம்பிக்கும் மொழி ஒன்று. வட்டங்களோ விலகி நின்றன.

பெறுபவர் வாளா இருந்து கேட்பதில்லை. தாமும் மறுமொழி அனுப்புகிறார். இதனைப் பின்னூட்டம் என்பர். பாட்டி கதை சொல்லும்போது நம்மை “உம்” கொட்டச் சொல்வது இதற்காகவே. “உம்” நின்றால் குழந்தை உறங்கிவிட்டது, அல்லது கதை புரியவில்லை என்று அவர் அறிந்துகொள்வார். அம்மாவின் சுளித்த முகமும் வண்டிக்காரருக்கு ஒரு பின்னூட்டமே. தொலைபேசியில் முகம் தெரியாது. தம்பி “உம்” கொட்டவும் பழகவில்லை.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் நாங்கள் ஊருக்குச் சென்றோம். தம்பி மாட்டுக் கொட்டகையை விட்டு நகரவில்லை. லட்சுமிக்கு வைக்கோல் போட்டான். கன்று அவன் கையை நக்கியது. பாட்டியிடம் தில்லியின் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னான். எதிரே வரும் பேருந்தையும் மறைக்கும் மூடுபனியைக் கேட்டுப் பாட்டி வியந்தார். தில்லிக்குத் திரும்பிய முதல் ஞாயிறு, தம்பியே முந்திக்கொண்டு, “லட்சுமி எப்படி இருக்கிறாள்?” என்றான். சிவப்பு எண்கள் ஓடியதை அன்று ஒருவரும் பொருட்படுத்தவில்லை. மார்கழி வந்ததும், “அங்கே பனி விலகியதா?” என்று பாட்டி கேட்கத் தொடங்கினார். இருவரின் வட்டங்களும் இருபுறமும் விரிந்தன.

தொல்காப்பியச் செய்யுளியலைப் படித்தபோது எனக்கு மற்றொரு வியப்பு ஏற்பட்டது. அது செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. அவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பன உள்ளன. சொல்பவர் யார், கேட்பவர் யார், எவ்விடத்தில், எப்பொழுதில், என்ன பயன் கருதி என்னும் வினாக்கள் அனைத்தும் இவற்றில் அடங்கும். முகத்திலும் உடலிலும் தோன்றும் உணர்ச்சி மெய்ப்பாடு. இவ்விடத்தில் இவர்க்கு இவர் சொல்லத்தக்க சொல் இது என உணர்த்துவது முன்னம். சொல்லாமல் விடப்பட்டு, கேட்பவரால் நிறைவு செய்யப்படுவது எச்சம். இவை செய்யுளுக்கு வகுக்கப்பட்டவை. ஆயினும் நம் அன்றாடப் பேச்சுக்கும் பொருந்துகின்றன.

“சாப்பிட்டாயா?” என்னும் கேள்விக்கும் ஓர் எச்சம் உண்டு. ‘தொலைவில் இருக்கும் உன்னை என் கையால் ஊட்டிக் கவனிக்க இயலவில்லையே’ என்பது பாட்டி சொல்லாமல் விட்ட பகுதி. அதற்கு “ஆம்” என்ற ஒரு சொல் விடையாகாது. என்ன உண்டீர்கள், யாருடன் உண்டீர்கள், எது சுவையாக இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். பிறகு, “நீங்கள் என்ன சமைத்தீர்கள், பாட்டி?” என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் “உம்” கொட்ட மறவாதீர்கள்.