இருவராய் இருந்த இரு தினங்கள்

கருவுற்ற பெண்ணை வீட்டினுள் பத்திரமாகக் காப்பதே அன்பு என எண்ணியிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணியான மச்சாளிடம் கோயிலுக்கென்று கூறி, அண்ணர் ஒரு சனிக்கிழமை காரைநகர்க் கசூரினாக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்னரே ஆலோசனை பெற்றிருந்தார். கர்ப்பகாலப் பதிவேட்டையும் மறவாது எடுத்துச் சென்றார். செய்தியறிந்த அம்மா, “பிள்ளைத்தாச்சியைக் கடற்கரைக்கோ கொண்டு போறது?” எனக் கடிந்துகொண்டார்.

ஞாயிறு மாலை திரும்பிய மச்சாள், ஆழமற்ற அக்கடலிற் கால் நனைய நின்றதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிள்ளையின் நலத்தை நாள்தோறும் விசாரித்த நாங்கள், அதனைச் சுமப்பவரின் மனத்தை ஒருநாளேனும் விசாரித்தோமில்லை என்பது அப்போதே எனக்கு உறைத்தது.

அம்மா நெடுநேரம் மௌனமாயிருந்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: “என்னை ஒருத்தரும் எங்கையும் கூட்டிக்கொண்டு போகேல்லை.”