மண்ணை அறிந்தோர் மனிதரை அறிவாரா?

‘மனித வள மேலாண்மை’ என்றதும் பெருநகரங்களின் குளிரூட்டப்பட்ட அலுவலகங்களே நம் நினைவுக்கு வருகின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் உழைக்கும் சிறு பட்டறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என எண்ணுகிறோம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளைக் கண்டு பழகிய எனக்கோ, அது அங்கேதான் மிகுதியாகத் தேவைப்படுகிறது என்று தோன்றுகிறது.

பொம்மைகளும் அகல் விளக்குகளும் மின்சார ஃபியூஸ் கேரியர்களும் இவ்வூரில் உருவாகின்றன. களிமண்ணோடு குவார்ட்ஸ், பெல்ஸ்பார் பொடிகளைக் கலந்து, அச்சில் வார்த்து, உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். ஈரம் போகுமுன் சூளையேறிய பண்டம் வெடித்துவிடும். அதை அறிந்த பட்டறை உரிமையாளர் பொறுமையோடு காத்திருப்பார்.

அத்தகைய பங்குமக்களில் ஒருவர் ஒருநாள், “சாமி, பசங்க யாரும் நிலைக்க மாட்டேங்கிறாங்க. தொழில் கத்துக்கிட்டதும் திருப்பூருக்குக் கிளம்பிடுறாங்க” என்று வருந்தினார். “கடைசியாகப் போனவருக்கு எத்தனை பிள்ளைகள்?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. “இருமிக்கொண்டிருந்தாரே, மருத்துவரிடம் காட்டினாரா?” அதுவும் தெரியவில்லை. மண்ணின் ஈரத்தைத் தொட்டே அறிபவர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

அந்த இருமல் சிறிய செய்தியன்று. குவார்ட்ஸின் நுண்தூள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும். தழும்பேறிய நுரையீரலை மீட்க மருந்தில்லை. தூள் பறக்காமல் ஈரப்படுத்துவதும், தூளை வெளியேற்றும் விசிறியும், தகுந்த முகக்கவசமும், காலமுறை மருத்துவச் சோதனையுமே காப்பு.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ உழைக்குமிடத்தில் நல அலுவலரை நியமிக்கப் பணித்தது. 2020இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 250 ஆக்கியது. பன்னிருவர் பட்டறைக்கு இரண்டுமே எட்டா. அங்கே நல அலுவலரும் உரிமையாளரே. ஆயினும், 10 பேர் உழைத்தாலே இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்க்கும் கடமை வந்துவிடுகிறது. குறித்த நாளில் கூலி, முறையான பயிற்சி, குறை கேட்கும் செவி ஆகியவற்றுக்குச் சட்டத்தின் எண்ணிக்கையும் வேண்டுவதில்லை.

உழைப்பு மனிதருக்காகவே உள்ளது என்றும், முதலினும் உழைப்புக்கே முன்னுரிமை என்றும் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கற்பித்தார். களிமண்ணும் எரிபொருளும் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் வளங்கள். மனிதரையும் அந்தக் கணக்கேட்டிலேயே எழுதும்போது, அவர் நோயுற்றாலும் விலகினாலும் ‘ஆள் குறைந்தது’ என்பதோடு நம் எண்ணம் நின்றுவிடுகிறது.

இக்கடமை பட்டறைகளோடு முடிவதன்று. நம் கடையில் நிற்கும் பையன், வீட்டு வேலைக்கு வரும் அம்மா, பள்ளியின் இரவுக் காவலர், கோயிற்பிள்ளை ஆகிய அனைவரும் நம்மை நம்பி உழைப்பவர்களே. அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் நமக்குத் தெரியுமா? மேலாண்மையின் முதற்பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.