சைக்கிளுக்குப் பின்னால் ஓடியவன்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நான் பணிபுரியும் கல்லூரியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. மாணவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர்களை முதலில் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் வந்த சீட்டில் என் பெயருக்கு எதிரே 6.3 என்றிருந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவு அது. “சர்க்கரை நோய் இன்னும் வரல சார். வாசல்ல வந்து நிக்குது” என்றார் அந்த இளம் மருத்துவர். 5.7 முதல் 6.4 வரை வாசல், 6.5 என்றால் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

அன்றிரவு தொடங்கிய வாசிப்பைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். நாவலும் சிறுகதையும் தவிர வேறெதையும் வாசிப்பு என்று மதிக்காதவனாக இருந்தேன். நாற்பத்தாறு வயதில், வல்லத்திராக்கோட்டை வீட்டுத் திண்ணையில் கைப்பேசி வெளிச்சத்தில், உடல்நலம், ஓட்டம், பணம் ஆகிய மூன்றைப் பற்றியும் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். இவற்றில் பெரும்பகுதி சொன்னதையே திரும்பச் சொல்லும் பதர். நிற்கும் நெல்மணிகள் சில உண்டு.

முதலில் மனத்தில் தைத்தது ஓர் எண். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. அந்தப் பதின்மூன்று கோடியில் நானும் ஒருவன் என்பதில் ஆறுதல் எதுவும் இல்லை. ஆனால் வெட்கம் கொஞ்சம் குறைந்தது. அதற்குப் பதிலாக வேறொரு வெட்கம் வந்து சேர்ந்தது. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பில் திருக்குறளின் 95ஆம் அதிகாரமான மருந்தை நடத்தி வருகிறேன். முன்பு உண்டது செரித்ததை அறிந்து அடுத்த வேளை உண்பவனுக்கு மருந்தே தேவைப்படாது என்று வள்ளுவர் சொல்வதை எத்தனையோ தடவை பதவுரை, பொழிப்புரையோடு விளக்கியிருக்கிறேன். விளக்கி முடித்து ஆசிரியர் அறைக்கு வந்ததும், பசி இருக்கிறதா என்று ஒரு கணமும் யோசிக்காமல், நான்காவது தேநீரோடு இரண்டு உளுந்து வடை தின்றிருக்கிறேன். உரையாசிரியர்களுக்குள் வேறுபாடு காணத் தெரிந்த எனக்கு என் வயிற்றோடு ஓர் உடன்பாடு காணத் தெரியவில்லை.

ஓட்டத்தைப் பற்றிப் படித்தவற்றில் எனக்குப் பிடித்தது முரகாமியின் நினைவுக் குறிப்பு. ஜப்பானிய மொழியில் 2007-இலும் ஆங்கிலத்தில் 2008-இலும் வெளிவந்த நூல். நாவலாசிரியரானபின் 1982-இல், தம் 33 வயதில், ஓடத் தொடங்கிய அவர், மறு ஆண்டே கிரேக்கத்தில் ஏதென்ஸிலிருந்து மாரத்தான் வரை தனியாக ஓடினார். அந்நூலில் அறிவுரை என்று எதுவும் இல்லை. முழங்கால் வலியையும் எழுதும் மேசையையும் ஒரே குரலில் பேசுகிறது. அதைப் படித்த துணிவில் ஒரு விடியற்காலை தைலமரக் காட்டை ஒட்டிய செம்மண் பாதையில் இறங்கினேன். முந்நூறு அடி தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. ஆடு பத்திக்கொண்டு எதிரே வந்த பெரியவர் பதறிப்போய், “என்ன வாத்தியாரே, பஸ்ஸு போயிருச்சா?” என்றார்.

எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் யாரும் ஓடுவதில்லை. காரணத்தோடு ஓடியவர் ஒருவர் உண்டு. இதே மாவட்டத்தின் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். சில நாட்களிலேயே பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழக அரசு அளித்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசைக் கொண்டு அவர் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தந்தார். 2012-இல் அவரே செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறார் என்று செய்தி வந்தது. பிறகுதான் அரசுப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. அவருடைய நேர்காணல்களை இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். ஓட்டம் உடம்புக்கு நல்லது என்று எழுதுகிறவர்கள் யாரும் சாந்தியைப் பற்றி எழுதுவதில்லை. ஓடுவதற்கு ஒரு பாதையும், ஓடி வந்தபின் ஒரு வேளைச் சோறும், ஓடியது நீதான் என்று ஒப்புக்கொள்ளும் ஓர் உலகமும் வேண்டியிருக்கிறது என்பதை அந்த நேர்காணல்களில்தான் கற்றேன்.

பணத்தைப் பற்றிய வாசிப்புக்கு வேறு காரணம் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் நடத்திய ஏலச்சீட்டில் மூன்றே கால் லட்சம் கட்டியிருந்தேன். ஒருநாள் காலையில் அவர் வீட்டில் பூட்டுத் தொங்கியது. சீட்டு நடத்துகிறவர் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும் என்பதை, பணம் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 76ஆம் அதிகாரமான பொருள் செயல்வகையையும் நான்தான் நடத்துகிறேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தை மூட இரண்டு வட்டிக்குக் கடன் வாங்கினேன். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆண்டுக்கு 24 விழுக்காடு. கட்டாமல் வட்டிக்கு வட்டி ஏறவிட்டால் மூன்றே ஆண்டில் கடன் இரட்டிப்பாகிவிடும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டுக் கணக்கு கிடைக்கும் என்ற எளிய வாய்பாட்டை எனக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை.

செய்தி கேட்டதும் அம்மா ஒன்றுதான் கேட்டார். “ரசீது குடுத்தானா தம்பி?” கொடுக்கவில்லை. அம்மா உள்ளே போய், மேலட்டை இல்லாத ஒரு நோட்டை எடுத்து வந்து என் முன் வைத்தார்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது அம்மாவுக்கு 33 வயது, கைநாட்டு. ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலம். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தார்கள். பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். அதைப் பற்றி பி. சாய்நாத் எழுதிய கட்டுரை 1996-இல் அவருடைய நூலில் வந்தது. வடக்கே எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றிருந்தது. பிள்ளைகளை முன்னால் உட்கார வைக்க வசதி என்று பெண்கள் சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பியதை அதில் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு சைக்கிள் நினைவுக்கு வந்தது. அப்பாவின் பழைய சைக்கிள். சாயங்காலங்களில் அம்மா அதில் ஏற, பன்னிரண்டு வயதுப் பையனான நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். யாராவது பார்த்துச் சிரிப்பார்களோ என்று எனக்குக் கூச்சம். அம்மாவுக்கு அது இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு மாலை நான் பிடியை விட்டது தெரியாமலே அவர் கண்மாய்க் கரை வரை போய்விட்டார். இரைக்க இரைக்க ஓடிப் போய்ச் சேர்ந்தேன். நான் ஓடக் கற்றது அப்போதுதான், இடையில் மறந்துவிட்டேன்.

அந்த நோட்டில் முப்பது ஆண்டுக் கணக்கு இருக்கிறது. அறிவொளியில் கற்ற பெரிய பெரிய எழுத்துகள். பால் எத்தனை லிட்டர், யாருக்கு எவ்வளவு கைமாற்று, எந்த மாதம் யார் மொய் எழுதினார்கள், கேழ்வரகு எத்தனை படி, நிலக்கடலை என்ன விலை, அப்பாவுக்கு எந்த நாளில் காய்ச்சல் கண்டது, என்ன கஷாயம் கொடுத்தது எல்லாம் உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதி வைத்த நாட்குறிப்பை நான் முதுகலையில் படித்து வியந்திருக்கிறேன். கப்பல் வந்ததும் சரக்கு விலையும் அரண்மனைச் செய்தியும் அதில் கலந்து கிடக்கும். அதே இயல்புடைய ஒரு நூல் எங்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்ததை நான் திறந்தே பார்த்ததில்லை. என் கல்லூரிப் படிப்புக்குச் செலவான தொகை காசு பிசகாமல் அதில் இருக்கிறது. கூட்டிப் பார்த்தேன். கூட்டிய பிறகு வெகுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை.

உடல்நலம், ஓட்டம், பணம் மூன்றுக்கும் எனக்குப் பிடித்த வாசிப்பு எது என்று இப்போது கேட்டால், முரகாமிக்கு இரண்டாம் இடம்தான் தருவேன்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. சைக்கிள் கொட்டகையில் நிற்கிறது. இரவில் சோற்றின் அளவைக் குறைத்துவிட்டேன். வாரத்தில் நான்கு நாள் கேழ்வரகு. காலையில் மூன்று கிலோமீட்டர், பாதி ஓட்டமும் பாதி நடையுமாக. சித்திரையில் எடுத்த சோதனையில் 5.9 வந்தது. வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கிவிடவில்லை. ஒரு படி இறங்கியிருக்கிறேன். கடனில் இன்னும் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பாக்கி.

எல்லாவற்றையும் அதே நோட்டில், அம்மாவின் பால் கணக்குக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதி வருகிறேன். போன வாரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தவர், வட்டிக் கூட்டலில் ஓரிடத்தில் பிசகு இருப்பதாகச் சொன்னார். திரும்பக் கூட்டினேன். நூற்று இருபது ரூபாய் விட்டுப்போயிருந்தது.