பாட்டனார் சொன்ன சிக்கனம்

தம்பானூர் நிலையத்தின் முன்னே வாடகைக் கார் ஓட்டும் என் தம்பி, சென்ற மாதம் கடன் விண்ணப்பம் ஒன்றுடன் வீட்டுக்கு வந்தான். "அண்ணா, வருமானத்தில் பாதியை எரிபொருளே விழுங்கிவிடுகிறது. ஊரில் அம்மாவுக்குப் பணம் அனுப்பவும் முடியவில்லை. ஹைப்ரிட் கார் வாங்கலாமென்று இருக்கிறேன். நீங்கள்தாம் ஜாமீன் கையெழுத்திட வேண்டும்" என்றான். தவணை தவறினால் இந்த இரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்துக்குத்தான் ஆபத்து. எனவே, அந்த எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொண்ட பின்னரே கையெழுத்து என்று சொல்லிவிட்டேன்.

விசாரித்தபோது வியப்புற்றேன். அதன் தத்துவம் புதியதன்று. 1880-களில் ஜேம்ஸ் அட்கின்சன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் காட்டிய வழி அது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் பெட்ரோல் கலவையை அழுத்தும் தூரமும், எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரமும் ஒன்றே. ஆகவே, தள்ளும் ஆற்றல் மீதமிருக்கும்போதே வாயு வெளியேறிவிடுகிறது. அட்கின்சனோ அழுத்தும் தூரத்தைக் குறைத்து, தள்ளும் தூரத்தை அதனினும் நீளமாக்கினார். இன்றைய கார்களில், கலவை நுழையும் வால்வைத் தாமதித்து மூடுவதால் இப்பயன் கிட்டுகிறது.

செங்கோட்டைப் பாதையில் நீராவி எஞ்சின் ஓட்டிய எங்கள் பாட்டனார் அப்போது நினைவுக்கு வந்தார். "வண்டி வேகம் பிடித்ததும், சிலிண்டருக்குள் போகும் நீராவியைச் சீக்கிரமே நிறுத்திவிட வேண்டும். உள்ளே புகுந்தது விரிந்து மீதி வேலையைச் செய்துவிடும், கரி மிச்சம்" என்பார். இரண்டிலும் சூட்சுமம் ஒன்றே அன்றோ?

ஆயினும் இச்சிக்கனத்துக்கு ஒரு விலையுண்டு. எஞ்சினின் வலிமை குறைந்துவிடும். 1997-இல் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா பிரியஸ் காரில் அக்குறையை மின்மோட்டார் ஈடுசெய்தது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலும் மின்சாரமாகிப் பாட்டரியில் சேர்ந்தது. நம் நாட்டில் 2022-இல் வெளிவந்த கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டி ஆகியவற்றின் ஹைப்ரிட் வகைகளிலும் இம்முறையே கையாளப்பட்டது.

அன்பர்களே, கிழக்கேகோட்டை நெரிசலில் நாள்தோறும் நின்று நின்று ஓடுபவருக்கே இதனால் ஆதாயம் மிகுதி. பொங்கலுக்கு மட்டும் நெடுஞ்சாலையில் திருநெல்வேலி சென்று திரும்பும் குடும்பத்துக்கு, கூடுதலாகக் கொடுத்த விலை மீள்வது அரிது. தம்பி முதல் வகையினன். ஆகவே கையெழுத்திட்டேன்.

"அண்ணா, நம்பிக்கை என் மேலா, எஞ்சின் மேலா?" என்று கேட்டான்.

"பாட்டனார் மேல்" என்றேன்.