வேகம் தராதவரோடு ஆடுவது

ஒரகடம் வட்டாரத்தில் வார இறுதியில் டென்னிஸ் ஆடுகிற எல்லோருக்கும் இப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், முழங்காலில் பட்டை, கையில் பழைய ராக்கெட். சர்வீஸில் வேகம் கிடையாது. ஆனால் எதை அடித்தாலும் திருப்பி அனுப்புவார். வலைக்கு மேல் உயரமாக, மெதுவாக, ஆடுகளத்தின் நடுவில் வந்து விழும். தெருக் கிரிக்கெட்டில் ‘கட்டை போடுறான்’ என்போமே, அந்த ரகம். எதிரே நிற்பவர் பெரும்பாலும் ஆலையில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர், கல்லூரி அணியில் விளாசிப் பழகியவர். முதல் செட் முடிவதற்குள் பாதிப் பந்து வலையில், மீதிப் பந்து பின்வேலியில். தோற்று வெளியே வந்ததும், “இதெல்லாம் டென்னிஸா சார்?” என்று கேட்பார்.

டென்னிஸ்தான் தம்பி. இந்த ஆட்டத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் இவர்களே.

வேகமாக வரும் பந்து தன் வேகத்தை நமக்குக் கடன் கொடுக்கிறது. ராக்கெட்டைச் சரியாக வைத்தாலே அது திரும்பிப் பறக்கும். மெதுவான பந்து எதுவும் தராது, முழு வேகத்தையும் நாமே உண்டாக்க வேண்டும். கூடவே இன்னொரு சிக்கல்: நேரம் நிறைய இருப்பதால் கால் நின்றுவிடுகிறது. நின்ற காலோடு கையை மட்டும் வீசுவதுதான் அத்தனை தவறுகளுக்கும் வேர். நம் பக்கத்து சிமென்ட் தளங்களில் உயரத்திலிருந்து விழும் பந்து தோளுக்கு மேல் எழும்பும். அதை எழும்பும்போதே அடிக்கலாம், அல்லது பின்னே நகர்ந்து இடுப்பு உயரத்துக்கு இறங்கிய பிறகு அடிக்கலாம். வாரத்துக்கு ஒருமுறை ராக்கெட் எடுக்கும் நமக்கு இரண்டாவதே சரி. ஆனால் பந்து ராக்கெட்டில் படும்வரை சின்னச் சின்ன எட்டுகள் ஓயக் கூடாது.

எங்கே அடிப்பது? குறுக்காக. வலையின் உயரம் நடுவில் 91.4 செ.மீ., கம்பத்தருகே 107 செ.மீ. ஆடுகளத்தின் நீளம் 23.77 மீட்டர். மூலையிலிருந்து மூலைக்கு அளந்தால் 25 மீட்டரைத் தாண்டும். வலை தாழ்வு, இடம் கூடுதல். நேர்க்கோட்டில் அடித்து முடிக்கும் ஆசையைக் குட்டையான பந்து வரும்வரை அடக்கி வைக்கலாம்.

அவரை வலைக்கு இழுப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. தாழ்வான ஸ்லைஸ் ஒன்றைக் குட்டையாகப் போடுங்கள். பின்கோட்டில் குடியிருப்பவர் முன்னே ஓடி வந்து, முழங்காலுக்குக் கீழிருந்து பந்தைத் தூக்க வேண்டும். தூக்கியபின் திரும்பி ஓட நேரம் இருக்காது. அடுத்த பந்து அவர் தலைக்கு மேல், அல்லது பக்கவாட்டில். ஆடி மாதக் காற்றும் நமக்கு உதவும். சிப்காட் வெளிகளில் அதைத் தடுக்க மரம் குறைவு. காற்று நம் முதுகில் இருந்தால் அவருடைய உயரப் பந்து குட்டையாக விழும். முன்னேறி வாலி அடிக்க அதுவே தருணம்.

வேகம் இல்லாமலும் வெல்லலாம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1960, 61 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணனின் சர்வீஸ் மென்மையானது. மகன் ரமேஷ் கிருஷ்ணனுடையதும் அப்படியே. 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் ரமேஷுக்கு எதிரே நின்றவர், அன்றைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டர். 1982 பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டியில் கில்லர்மோ விலாஸை 4 மணி 42 நிமிடம் பின்கோட்டிலிருந்தே சளைக்காமல் எதிர்கொண்டு வென்றவர் அவர். அவரை ரமேஷ் நேர் செட்களில் வென்றார். ரமேஷின் ஆட்டத்தில் விளாசல் கிடையாது. பந்தைச் சீக்கிரமே சந்திப்பார், தட்டையாகத் தள்ளுவார், தருணம் பார்த்து வலைக்கு வருவார். எதிராளிக்கு வேகம் தராமலேயே அவருடைய நேரத்தைப் பறிக்கிற ஆட்டம் அது. அந்தக் கலை நம் ஊரில் பிறந்தது என்பதில் எனக்குத் தீராத பெருமை.

பொறுமைக்கும் எல்லை வைக்க வேண்டும். 2008 சென்னை ஓப்பன் அரையிறுதியில் நடால், மோயாவை வெல்ல 3 மணி 54 நிமிடம் ஆனது. மறுநாள் இறுதியில் யூஷ்னியிடம் 6-0, 6-1 எனத் தோற்றார். நடாலுக்கே இந்த ஊர்ப் புழுக்கத்தில் அந்த நிலை என்றால், இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேரே மைதானத்துக்கு வருகிறவர் பந்து இருபது முறை போய் வரும் ரேலிகளை நம்பி ஆட முடியாது. ஸ்லைஸும் லாபும் பழக வேண்டியது அதற்காகத்தான்.

தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். போட்டியில் அந்த ஐம்பதைத் தாண்டியவரிடம் தோற்ற பிறகு ஒதுங்கிப் போகாதீர்கள். அடுத்த வாரமே, “அண்ணே, ஒரு செட் பயிற்சிக்கு ஆடலாமா?” என்று நீங்களே போய்க் கேளுங்கள். அவர் மறுக்க மாட்டார்.